விலை பேசும் முன் ஆள் கணக்கு

செட்டிநாட்டில் கானாடுகாத்தானுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் பிறந்து, 1987-ல் கல்யாணமாகி, இப்போது சென்னையில் இருக்கும் 59 வயது வாசகி ஒருவர் ஏழு பக்கம் எழுதியிருக்கிறார். ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய ஐயா (அப்பாவின் அப்பா) ரங்கூனில் தொழில் செய்து, தன் சம்பாத்தியத்தில் 1930-களில் கட்டிய மூன்று கட்டு வீடு அது. மனையும் அவர் வாங்கியதே. ஐயா 1971-லும் அப்பத்தா 1983-லும் காலமானார்கள். இருவரும் உயில் எழுதவில்லை. ஐயாவுக்கு மூன்று ஆண், இரண்டு பெண். வாசகியின் அப்பச்சி (அப்பா) நடுப்பிள்ளை. அவர் 2009-லும் ஆத்தா 2018-லும் போய்விட்டார்கள். வாசகியோடு கூடப் பிறந்தவர் ஒரே தம்பி, சிங்கப்பூரில் வேலை. வீட்டைப் பார்த்துக்கொள்வது பெரியப்பச்சி மகன். வீட்டு வரி ரசீதும் பட்டாவும் அவர் பெயரில்தான் இருக்கின்றன. போன மாதம் அந்த அண்ணன், புரோக்கர் ஒருவர் மூலமாக முத்திரைத்தாளில் விற்பனை ஒப்பந்தம் எழுதி, பத்து லட்சம் ரொக்கமாக முன்பணம் வாங்கிவிட்டார். ஒப்பந்தத்தைப் பதியவில்லை. பேசிய விலை ஒன்று, பத்திரத்தில் காட்டப்போகும் விலை வேறு. வாங்குகிறவர் முகப்புத் தூண்களையும் நிலை, கதவுகளையும் முதலில் கழற்றி எடுத்துக்கொண்டு, பிறகு மனையைத் தனியாக விற்கப்போகிறாராம்.

வாசகிக்குச் சொல்லப்பட்டது இது: “மூணு புள்ளி (ஆண்பிள்ளைக் குடும்பம்), மூணு பங்கு. உனக்குத்தான் சீர் செஞ்சு அனுப்பியாச்சே. 89-க்கு முந்திக் கல்யாணமான பொம்பளைப் பிள்ளைக்குச் சட்டத்துலயே கிடையாது. தம்பி கையெழுத்துப் போட்டாப் போதும். நீ சும்மா ஒரு சம்மதக் கையெழுத்துப் போட்டுக் குடு.”

அவர் கேட்பது மூன்று. எனக்குப் பங்கு உண்டா? இந்த விற்பனையை நிறுத்த முடியுமா? மூன்றாவதை அவருடைய வார்த்தையிலேயே தருகிறேன்: “ஒரு வீட்டை விற்பது என்றால் இப்படி இருட்டில், அவசரத்தில், ஆளுக்கொரு பொய்யோடுதான் நடக்க வேண்டுமா? வேறு முறையே கிடையாதா?”

அன்புள்ள ஆச்சி,

முதலில் ஒன்று. நான் இந்தப் பதிலை முடிக்கும்வரை நீங்கள் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். “சும்மா ஒரு சம்மதம்” என்பது சட்டத்தில் சும்மா இல்லை. விற்பனைப் பத்திரத்தில் சம்மதம் தெரிவிப்பவராக நீங்கள் கையெழுத்துப் போட்டால், பின்னால் “எனக்குப் பங்கு உண்டு” என்று சொல்ல வாயில்லாமல் செய்ய அதுவே போதும். ஆதார் நகலையும் இப்போதைக்கு யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

இனி பங்குக்கு வருவோம். அண்ணன் சொன்ன 1989 கணக்கு முழுப் பொய் அல்ல, பாதி உண்மை. நம் மாநிலம் 1989 மார்ச் 25 முதல் மகள்களுக்கும் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்புரிமை கொடுத்தது. அந்தத் தேதிக்கு முன் திருமணமானவர்களுக்கு அது பொருந்தாது என்றும் அந்தச் சட்டத்திலேயே எழுதியிருந்தது. ஆனால் 2005 செப்டம்பர் 9-ல் அமலுக்கு வந்த மத்தியச் சட்டத் திருத்தத்தில் கல்யாணத் தேதி பற்றிய நிபந்தனை எதுவும் இல்லை.

உங்கள் விஷயத்தில் இந்த இரண்டுமே தேவைப்படாது என்பதுதான் முக்கியம். வீடு உங்கள் ஐயாவின் சொந்தச் சம்பாத்தியம். அவர் உயில் எழுதாமல் இறந்தது 1971-ல். அப்போதே 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் நடப்பில் இருந்தது. அதன்படி மனைவி, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சம பங்கு. பெண்ணுக்குக் கல்யாணமானதா, என்றைக்கு ஆனது, எத்தனை பவுன் போட்டார்கள் என்று அந்தச் சட்டம் கேட்பதே இல்லை.

பிறகு ஏன் இத்தனை வருஷம் ஊரே “பெண்ணுக்குப் பங்கில்லை” என்று நம்பியது? அதே சட்டத்தில் 23-வது பிரிவு என்று ஒன்று இருந்தது. குடும்பம் குடியிருக்கும் வீட்டில் பெண் வாரிசுக்குப் பங்கு உண்டு, ஆனால் ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை அவள் பாகம் கேட்க முடியாது என்றது அது. கேட்க முடியாது என்பதை நம் பெரியவர்கள் ‘கிடையாது’ என்றே புரிந்துகொண்டார்கள். 2005-ல் அந்தப் பிரிவை எடுத்துவிட்டார்கள். நம்பிக்கை மட்டும் தங்கிவிட்டது.

புள்ளிக் கணக்கு வேறு, வாரிசுக் கணக்கு வேறு

இந்த இடத்தில் உங்களுக்கும் ஒரு திருத்தம் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் கடிதத்தில் நான்கு இடத்தில் “எங்கள் அப்பச்சியின் மூன்றில் ஒரு பங்கு” என்று எழுதியிருக்கிறீர்கள். அது மூன்றில் ஒன்று அல்ல.

கல்யாணமான ஆண்பிள்ளையை ‘வேறு வைத்து’, தனி அடுப்பு மூட்டி, கோயிலில் தனிப் புள்ளியாக, அதாவது தனிக் குடும்பமாகச் சேர்ப்பது நகரத்தார் வழக்கம். புள்ளி வரிக்கும் திருப்பணிக்கும், குடும்பம் கூடி முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும் அந்தக் கணக்கு சரி. மகள், கல்யாணத்தோடு கணவருடைய கோயில் புள்ளியில் சேர்ந்துவிடுகிறாள். ஆனால் சொத்துரிமை அந்தப் புள்ளியோடு போவதில்லை. ஐயா இறந்த அன்று அப்பத்தா, மூன்று மகன்கள், இரண்டு மகள்கள் என ஆறு பேருக்கு ஆறு சம பங்கு. அப்பத்தா 1983-ல் போனபோது அவருடைய ஆறில் ஒன்று ஐந்து பிள்ளைகளுக்கும் சமமாகப் போனது. ஆக, ஆளுக்கு ஐந்தில் ஒன்று. உங்கள் அப்பச்சியின் ஐந்தில் ஒன்று, ஆத்தாவும் காலமானபின் உங்களுக்கும் தம்பிக்கும் பாதிப் பாதி. உங்கள் பங்கு பத்தில் ஒன்று, தம்பியுடையது பத்தில் ஒன்று.

மிச்சத்தைப் பாருங்கள். உங்கள் அயித்தைகள் இருவருக்கும் ஆளுக்கு ஐந்தில் ஒன்று. இருவரும் சேர்ந்தால் வீட்டில் நாற்பது சதவீதம். ஏழு பக்கக் கடிதத்தில் அவர்களைப் பற்றி ஒரே ஒரு வரி இருக்கிறது: “சின்ன அயித்தை பினாங்கில் தவறிவிட்டார்கள், பெரிய அயித்தை மதுரையில் மகள் வீட்டில் இருக்கிறார்கள்.” உங்களை அண்ணன் எண்ணாமல் விட்டதுபோல, அவர்களை நீங்களும் எண்ணாமல் விட்டிருக்கிறீர்கள். குற்றமாகச் சொல்லவில்லை ஆச்சி. முப்பது வருஷமாக இந்த ஊரில் பத்திரம் பார்க்கிறேன். வீட்டை விற்க வரும் குடும்பங்களில் அயித்தைமாரைத் தாங்களாகவே எண்ணிக்கொண்டு வந்தவர்கள் மிகக் குறைவு. ஆனால் உங்கள் உரிமை எந்தச் சட்டத்திலிருந்து வருகிறதோ, அதே சட்டத்திலிருந்துதான் அவர்களுடையதும் வருகிறது. ஒன்றைக் கேட்டு இன்னொன்றை மறைக்க முடியாது.

இந்தக் கணக்கு நீங்கள் எழுதியதை வைத்துப் போட்டது. ஐயாவின் பணம் கூட்டுக்குடும்பத் தொழிலில் வந்தது என்று காட்டக் காகிதம் இருந்தாலோ, பழைய பாகப்பிரிவினைப் பத்திரம் ஏதாவது பதிவாகியிருந்தாலோ எண்ணிக்கை மாறும். அப்படி ஒரு பத்திரத்தில் வீடு முழுவதும் வேறொருவர் பாகத்துக்குப் போயிருந்தால் தவிர, உங்கள் பங்கு பூஜ்யமாகாது.

சில்லறையாகச் சில திருத்தங்கள். பட்டாவும் வீட்டு வரி ரசீதும் உரிமைப் பத்திரம் அல்ல, வரி கட்டுகிறவர் யார் என்று காட்டுபவை. பன்னிரண்டு வருஷம் வீட்டை அனுபவித்தால் சொந்தமாகிவிடும் என்பது கூட்டுச் சொந்தக்காரர்களுக்கு அப்படியே பொருந்தாது. ஒருவர் சாவி வைத்திருப்பது எல்லோருக்காகவும் வைத்திருப்பதாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். மற்றவர்களின் உரிமையை அவர் வெளிப்படையாக மறுத்து, அவர்கள் அறிய ஆண்டிருந்தால்தான் அந்த வாதமே எழும். சீர் கொடுத்ததாலும் பங்கு தீர்ந்துவிடாது. பங்கை விட்டுக்கொடுத்துப் பதிந்த விடுதலைப் பத்திரம் போன்ற ஒன்று இருந்தால்தான் தீரும். செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோ பட்டியலில் இருப்பதால் வீட்டை இடிக்க முடியாது என்று தம்பி நம்புகிறார் அல்லவா, அதுவும் சரியில்லை. 2014-ல் சேர்ந்தது உத்தேசப் பட்டியலில். அந்தப் பட்டியல் எந்தத் தனியார் வீட்டுக்கும் காவல் நிற்காது.

விற்பனையை நிறுத்த முடியுமா?

அண்ணன் தன் பங்கை விற்கலாம். அதை உங்களால் தடுக்க முடியாது. உங்கள் பங்கை அவரால் விற்க முடியாது. நடுவில்தான் நமக்குப் பிடிமானம் இருக்கிறது. பிரிவினையாகாத குடும்பத்தின் குடியிருப்பு வீட்டில் ஒருவருடைய பங்கை வெளியாள் வாங்கினால், அவர் உள்ளே வந்து மற்றவர்களோடு கூட்டாக அனுபவிக்கும் உரிமை அவருக்குக் கிடையாது. சொத்து மாற்றுச் சட்டம் 44-வது பிரிவு சொல்வது இது. அவர் பாக வழக்குத்தான் போட வேண்டும். அப்படிப் போட்டால், அந்தப் பங்கை நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்கு நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்று குடும்பத்தார் கேட்க 1893-ம் ஆண்டு பிரிவினைச் சட்டத்தின் 4-வது பிரிவு வழிவிடுகிறது. வாங்க வருபவரின் வக்கீலுக்கு இந்த இரண்டு பிரிவுகளையும் ஒரு நோட்டீஸில் எழுதி அனுப்பினாலே பாதி அவசரம் அடங்கிவிடும்.

பதியாத ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவது கட்டாயம். நீங்கள் கையெழுத்திடாத ஒப்பந்தம் உங்களைக் கட்டாது. ஆனாலும் வெறும் காகிதம்தானே என்று இருந்துவிடாதீர்கள். அதை வைத்து அண்ணன்மேல் வழக்குப் போட வாங்குபவருக்கு வழி இருக்கிறது. அப்போது வீடு பல வருஷம் நீதிமன்றத்தில் மாட்டிக்கொள்ளும்.

எனக்கு உண்மையான கவலை தூண்கள்தான். நிலை, கதவு, தூண், உத்திரம் எல்லாம் கட்டடத்தோடு பொருத்தப்பட்டவை. சட்டத்தில் அவை வீடே, சாமான் அல்ல. ஒரு பங்காளி தனியாகக் கழற்றி விற்க உரிமை இல்லை. ஆனால் கழற்ற இரண்டு நாள் போதும், வழக்கு முடிய இரண்டு நாள் போதாது. பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு வழக்குக்காக வீடு பார்க்கப் போயிருந்தேன். வளவில் (உள்முற்றத்தைச் சுற்றிய பகுதி) நான்கு தேக்குத் தூண்களை ஒரு பங்குதாரர் “என் பக்கத்தது” என்று விற்றிருந்தார். கல் பீடங்கள் மட்டும் நின்றன. பீடத்தின்மேல் தூண் நின்ற இடம் எண்ணெய் காணாத வெள்ளை வட்டமாக இருந்தது. தாழ்வாரத்து ஓடு அந்த மூலையில் சரிந்து, முதல் மழையிலேயே ஆத்தங்குடிக் கல் தளம் பாசி பிடித்துவிட்டது. அந்த நான்கு தூணுக்கு வந்த காசைவிட வீட்டுக்கு வந்த நஷ்டம் பல மடங்கு. அதனால் கழற்றுவதற்கு எதிராக மட்டுமாவது தடையாணை கேட்டு, காலம் தாழ்த்தாமல் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போங்கள். அதற்கு முன் ஒரு நாள் ஊருக்குப் போய், ஒவ்வொரு கட்டாக, ஒவ்வொரு நிலையாகப் படம் எடுத்து, எண்ணி எழுதி வாருங்கள். நூறு வருஷம் தாண்டிய மரச் சிற்பங்கள் ஏதாவது இருந்தால், 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோவில் தெருவில் எதையாவது விசாரிக்கிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

வேறு முறை உண்டா?

உங்கள் மூன்றாவது கேள்விதான் என்னை இத்தனை நீளமாக எழுத வைக்கிறது. நம் ஊரில் வீடு விற்பதன் வரிசையே தலைகீழ். முதலில் விலை பேசுகிறோம், பிறகு முன்பணம் வாங்குகிறோம், பிறகு வில்லங்கம் பார்க்கிறோம், கடைசியில்தான் யாருடைய வீடு என்று கேட்கிறோம். முன்பணம் கைமாறியபின் வரும் ஒவ்வொரு பங்காளியும் ‘தொந்தரவு’ ஆகிவிடுகிறார். நீங்கள் இப்போது தொந்தரவாகத் தெரிவதும் அதனால்தான்.

ஸ்காட்லாந்தில் 2008 டிசம்பரிலிருந்து ஒரு நடைமுறை. வீட்டைச் சந்தைக்குக் கொண்டுவரும் முன்பே விற்பவர் தன் செலவில் கட்டட ஆய்வும் மதிப்பீடும் செய்து, அறிக்கையைத் தயாராக வைத்திருக்க வேண்டும். வாங்க வருகிற எல்லோரும் அதே அறிக்கையைத்தான் பார்க்கிறார்கள். நம் ஊரில் அப்படிச் சட்டம் இல்லை. சட்டம் இல்லாவிட்டால் என்ன, ஒரு குடும்பம் தானாகச் செய்வதை யார் தடுக்கப்போகிறார்கள்?

உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்வது இதுதான். முதலில் வம்சாவளி ஒன்று எழுதி, ஐயா, அப்பத்தா, அப்பச்சி, ஆத்தா, சின்ன அயித்தை என்று காலமான ஒவ்வொருவருக்கும் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் சேருங்கள். பிள்ளை கூட்டியவர்கள் யாராவது இருந்தால் சுவீகாரப் பத்திரமும் வேண்டும். மூலப் பத்திரம், எத்தனை வருஷத்துக்குக் கிடைக்குமோ அத்தனை வருஷ வில்லங்கச் சான்று, அளவு வரைபடம், நீங்கள் எடுத்த படங்களும் எண்ணிக்கையும் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். அதன்பின் பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரை வைத்து விலை போடுங்கள். அவரிடமே 2001 ஏப்ரல் 1 தேதியின் மதிப்பையும் கேட்டு வாங்கிவிடுங்கள். 2001-க்கு முந்தைய சொத்து என்பதால் மூலதன ஆதாய வரிக் கணக்கில் அந்த மதிப்பையே அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம். இதைக் கேட்காமல் விட்டு வரியை அதிகம் கட்டியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அந்த விலையை முதலில் குடும்பத்துக்குள் வையுங்கள். யாராவது வாங்க முன்வந்தால், அப்பா, அம்மா, கணவன், மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், உடன்பிறந்தார் என்ற வட்டத்துக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம்தான், அதுவும் 40,000 ரூபாய்க்கு மேல் போகாது. பதிவுக் கட்டணம் 10,000-க்கு மேல் போகாது. உங்களுக்கும் தம்பிக்கும் இடையே இந்தச் சலுகை கிடைக்கும். பெரியப்பச்சி மகனும் நீங்களும் அந்த வட்டத்துக்குள் வருவீர்களா என்பதைச் சார்பதிவாளரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

குடும்பத்தில் யாருக்கும் முடியவில்லை என்றால் வெளியே போகலாம், முழு வீடாக. தூண் தனி, மனை தனி என்று அல்ல. புரோக்கர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவர் கோப்போடு வரட்டும், கமிஷனை எழுதிக் கொடுக்கட்டும். ஒப்பந்தத்தை எல்லாப் பங்குதாரரும் சேர்ந்து எழுதிப் பதியுங்கள். பத்திரத்தில் முழு விலையையும் காட்டுங்கள். பணம் யாரோ ஒருவர் கணக்குக்குப் போய் அவர் பிரித்துக் கொடுப்பது வேண்டாம், அவரவர் பங்கு அவரவர் வங்கிக் கணக்குக்கு நேராக வரட்டும். அந்த விவரம் பத்திரத்திலேயே இருக்கட்டும்.

“முழு விலையைக் காட்டினால் வாங்குபவர் ஓடிவிடுவார்” என்பார் அண்ணன். ஏழு சதவீத முத்திரைத் தீர்வையும் இரண்டு சதவீதப் பதிவுக் கட்டணமும் வாங்குபவருக்குப் பாரம்தான். ஆனால் வீடு விற்றதற்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்க வருமானவரிச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அந்த அபராதம் பணத்தை வாங்கிய அண்ணன் தலையில்தான் விழும். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், இரண்டு லட்சமும் அதற்கு மேலும் ரொக்கம் கைமாறியதாகச் சொல்லும் சொத்து வழக்குகளையும் பத்திரங்களையும் வருமானவரித் துறைக்குத் தெரிவிக்கச் சொல்லியிருக்கிறது. அண்ணனுக்கு இதைப் பயமுறுத்தலாகச் சொல்லாதீர்கள், அவர் நன்மைக்காகச் சொல்லுங்கள். அந்தப் பத்து லட்சத்தைத் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்வதே அவருக்குப் பாதுகாப்பு. தம்பி வெளிநாட்டில் வசிப்பவர் என்பதால் அவர் பங்கில் வாங்குபவர் பிடிக்கும் வரி அதிகமாக இருக்கும். குறைத்துப் பிடிக்கச் சான்று கேட்டு முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம்.

விற்காமல் இருப்பதும் ஒரு வழி. கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் சில வீடுகள் விருந்தினர் விடுதியாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். குத்தகைக்குக் கொடுத்தால் ஓடு மாற்றுவது, சுண்ணாம்பு பூசுவது குத்தகைக்காரர் பொறுப்பு என்றும், படைப்பு நாளில் வீடு குடும்பத்துக்கு என்றும் எழுதிக்கொள்ளலாம். விற்பனைப் பத்திரத்தில் அப்படி ஓர் உரிமையை நிறுத்தி வைப்பது சிக்கல், வாங்குபவர்கள் தயங்குவார்கள். ஆனால் பத்துப் பதினைந்து பேர் ஒரே குத்தகையில் ஒத்துப்போக வேண்டும், அது எளிதல்ல. வருஷத்துக்கு ஒரு கூட்டமாவது கூடாத குடும்பங்களுக்கு நான் இதைச் சொல்வதில்லை. உங்களுடையது இன்னும் படைப்புக்குக் கூடுகிற குடும்பம் என்று எழுதியிருப்பதால் சொல்கிறேன்.

பாக வழக்கு கடைசி வழி. உங்கள் பக்கம் சட்டம் பலமாகவே இருக்கிறது, தோற்கமாட்டீர்கள். ஆனால் வளவையும் முகப்பையும் பத்தாக வெட்ட முடியாது. நீதிமன்றம் கடைசியில் ஏலம் போடச் சொல்லலாம். அதுவரை அந்த வீட்டுக்கு ஒரு ஓடு மாற்றக்கூட யாரும் காசு போடமாட்டார்கள்.

அண்ணனைப் பற்றி இவ்வளவு சொன்னபின் ஒன்று சொல்லாவிட்டால் நியாயமில்லை. பதினாறு வருஷமாக வரி கட்டி, ஓடு மாற்றி, கரையான் மருந்து அடித்து அந்த வீட்டை நிறுத்தியிருப்பவர் அவர். அந்தச் செலவைக் கணக்குக் கேளுங்கள், கொடுத்தால் எல்லோர் பங்கிலிருந்தும் கழித்துக் கொடுக்க ஒப்புக்கொள்ளுங்கள். முதல் நோட்டீஸுக்கு முன்னால் இதை நீங்களே சொன்னால், பேச்சு வேறு மாதிரிப் போக வாய்ப்பிருக்கிறது.

தை மாதம் படைப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லோரும் கூடும் அந்த நாளுக்குள் வம்சாவளியும் படங்களும் தயாராகட்டும். மதுரை அயித்தையை நேரில் போய்ப் பாருங்கள். பினாங்கில் சின்ன அயித்தையின் பிள்ளைகள் மலேசியக் குடிமக்களாகியிருந்தாலும் அவர்கள் வாரிசுரிமை போய்விடாது. வர முடியாவிட்டால் அங்குள்ள இந்தியத் தூதரக அதிகாரி முன் அதிகாரப் பத்திரத்தில் கையெழுத்திட்டு அனுப்பலாம். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். அவர்களிடம் பேசுவதை இந்த வாரமே செய்யுங்கள். அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். மாலை ஏழுக்குள் கூப்பிட்டால் தூங்கியிருக்கமாட்டார்கள்.